மொட்டை மாடியில் சூரியன் போட்ட எட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பகல் 12.15-க்குக் கடைசிப் புள்ளியைக் கொத்தினேன். போன மார்ச்சில் முதல் புள்ளி வைத்த இடத்துக்கே, தகட்டு ஓட்டை வழியே விழும் சூரிய வெளிச்சம் திரும்பி வந்துவிட்டது. உறையூரில் எங்கள் மொட்டை மாடியில் கிடக்கும் நாலடிக் கடப்பாக் கல்லில் இப்போது 81 குழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எட்டு. வடக்குப் பக்க வயிறு பெரியது, தெற்குப் பக்கத் தலை சிறியது. கிழக்கு ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

தொடங்கி வைத்தது அக்கா மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் பிப்ரவரியில் பள்ளியில் ஒரு செய்முறை கொடுத்தார்கள்: வெயிலில் குச்சி நட்டு, நிழல் எந்த நேரத்தில் மிகக் குட்டையாகிறது என்று பார்த்து எழுத வேண்டும். இவள் ‘பன்னிரண்டரை’ என்று எழுதினாள். அதைச் சிவப்பு மையில் அடித்து ‘12 மணி’ என்று திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

“மாமா, நான் மூணு நாள் பார்த்தேன். பன்னிரண்டுக்கு நிழல் இன்னும் குறைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு” என்றாள். கண்ணால் பார்த்ததை எழுதிய பிள்ளை தப்பு வாங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. சரி, நாமே அளந்து பார்ப்போம் என்று அன்றே மாடிக்குப் போனோம்.

ஒரு மீட்டர் மூங்கில் குச்சியைப் பூந்தொட்டி மணலில் செங்குத்தாக நட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைக் குறித்தோம். பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே நிழல் 2 சென்டிமீட்டர் குறைந்தது. அதுவரை அவள் சொன்னது சரி. ஆனால் மிகக் குட்டையான அந்த ஒரு நிமிடத்தைப் பிடிக்க முடியவில்லை. உச்சிக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பார்த்தால் நிழலின் நீளம் இரண்டரை மில்லிமீட்டர்தான் மாறுகிறது. நுனியோ ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கிக் கிடக்கிறது. குச்சியைச் சீவிக் கூராக்கிப் பார்த்தேன், பயனில்லை. மங்கலுக்குக் காரணம் குச்சி இல்லை. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகல வட்டாக இருப்பதுதான்.

அப்போதுதான் கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு (நிழல் பார்க்க நடும் முளைக்குச்சி) நட்டுத் திசை பார்ப்பது நினைவுக்கு வந்தது. அவர்கள் குட்டை நிழலைத் தேடுவதில்லை. சங்கைச் சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் திரும்பத் தொடும் இடத்தையும் குறிக்கிறார்கள். அந்த நேரங்களில் நிழலின் நீளம் வேகமாக மாறுவதால் தொடும் கணம் தெளிவாகத் தெரியும். நாங்கள் 80, 90, 100 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டங்கள் போட்டோம். மேகம் வந்து ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்றுதான் மூன்று. பிப்ரவரி 11 அன்று 90 செ.மீ. வட்டத்தை நிழல் காலை 10.12-க்குத் தொட்டது, பிற்பகல் 2.46-க்குத் திரும்பத் தொட்டது. இரண்டுக்கும் நடு 12.29. மற்ற இரண்டு வட்டங்களும் ஒரு நிமிடத்துக்குள் இதையே சொல்லின. அந்தத் தாளில் மூன்று நடு நேரங்களையும் அவளே எழுதி, கீழே கோடு போட்டு வைத்துக்கொண்டாள்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்: “அப்போ தினமும் 12.29-ஆ?” அதற்குத்தான் ஒரு வருடம் பிடித்தது.

முதலில் வடக்கு தெற்குக் கோடு வேண்டும். அவசரத்தில் கைபேசித் திசைகாட்டியைத் தரையில் வைத்துக் கோடு கிழித்தேன். வட்டத்தில் குறித்த இரண்டு புள்ளிகளின் நடுவை மையத்தோடு சேர்த்துக் கிழித்த கோட்டுக்கும் இதற்கும் 6 டிகிரி வித்தியாசம். கைபேசியை ஓர் அடி தள்ளி வைத்தால் வேறு திசை காட்டியது. கான்கிரீட் தளத்துக்குள் ஓடும் கம்பிதான் அதை இழுக்கிறது. நிழல் சொன்ன கோட்டையே வைத்துக்கொண்டேன். கம்பி போட்ட மாடியில் காந்த ஊசியை நம்பி யாரும் கோடு போட வேண்டாம்.

அடுத்தது நுனி மங்கல். குச்சிக்குப் பதில் ஓட்டை போட்ட தகடு வைத்தால், தரையில் நிழல் நுனி விழாமல் சூரியனின் உருவமே சின்ன வட்டமாக விழும். அதன் நடுவைக் குறிப்பது எளிது. இத்தாலியில் பொலோனா நகரத்துப் பெரிய தேவாலயத்தின் கூரையில், 27 மீட்டர் உயரத்தில், 1655-இல் வானியலாளர் காசினி ஓர் ஓட்டை வைத்து, தரையில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டார். அதே வேலையை எங்கள் மாடியில் ஒரு மீட்டர் உயரத்தில் செய்தால் போதும்.

முதல் தகடு வீட்டில் கிடந்த 6 மில்லிமீட்டர் ப்ளைவுட். சின்ன ஓட்டைதான் துல்லியம் என்று நினைத்து 2 மி.மீ. துளை போட்டேன். தரையில் வெளிச்சமே விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. பிப்ரவரி வெயில் 25 டிகிரி சாய்ந்து வருகிறது. 6 மி.மீ. கனத்தைக் கடப்பதற்குள் வெளிச்சம் கிட்டத்தட்ட 3 மி.மீ. நகர்ந்துவிடும். துளையின் உட்சுவரிலேயே முட்டி நின்றுவிட்டது. அப்புறம் பழைய எண்ணெய் டின்னை வெட்டி 15 செ.மீ. சதுரத் தகடாக்கினேன். அதிலும் 2 மி.மீ. துளையில் உருவம் விழுந்தது, ஆனால் உச்சிவெயில் மாடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். 3, 4 என்று பெருக்கி 5 மி.மீ.யில் நிறுத்தினேன். அதுதான் சரியான அளவு. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சூரிய உருவம் 9 மி.மீ.யும் ஓட்டையின் அகலமும் சேர்ந்து, ஓரம் கொஞ்சம் மங்கிய வட்டமாக விழுகிறது. தகட்டைச் சதுரமாக, அகலமாக வெட்டியதற்குக் காரணம் அது தரும் நிழல்: அந்த நிழலுக்குள்தான் வட்டம் பளிச்சென்று தெரியும். ஓட்டை வழியாக மேலே பார்க்கவே கூடாது என்று முதல் நாளே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பார்க்க வேண்டியதெல்லாம் தரையில்தான் விழுகிறது.

தகட்டைத் தாங்க முக்கால் அங்குல ஜிஐ பைப். பழைய பெயின்ட் வாளியில் சிமென்ட் போட்டு நட்டு, மேலே குறுக்கே ஒரு கை நீட்டி, அதன் நுனியில் தகடு. கால் நேர்கீழே இருந்தால் அதன் நிழலே வட்டத்தை மறைக்கும் என்பதால் வாளியைக் கிழக்கே 40 செ.மீ. தள்ளி வைத்தேன். ஓட்டைக்கு நேர்கீழே இருக்கும் அடிப்புள்ளியைக் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக் குண்டால் எடுத்தேன்.

தரையில் நான் எதிர்பார்க்காத தப்பு ஒன்று இருந்தது. மாடித் தளம் சமமாக இருப்பதில்லை, மழைத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் எங்கள் மாடியில் மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம். வடக்கே போகப்போகத் தரை இறங்குவதால் அளவெல்லாம் கூடுதலாக வந்தது. அதனால்தான் நாலடிக்கு இரண்டடிக் கடப்பாக் கல்லை வாங்கி, மணலும் சிமென்ட்டும் கலந்து அடியில் போட்டு, நான்கு பக்கமும் ரசமட்டம் பார்த்து உட்கார வைத்தேன். கல் கறுப்பாக இருப்பதால் மேலே சுண்ணாம்பு அடித்தேன்.

மார்ச் மூன்றாம் ஞாயிறு முதல் புள்ளி. நேரம் எப்போதும் 12.15. இந்த எண் கணக்கில் வந்தது. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு. அது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகிறது. திருச்சி 78.7 டிகிரி. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகிறது. 3.8 டிகிரி மேற்கே இருக்கும் எங்களுக்குச் சூரியன் உச்சிக்கு வர, சராசரியாக 15 நிமிடம் தாமதம். 1906-க்கு முன்னால் ரயில்கள் ஓடிய மெட்ராஸ் நேரம் இருந்திருந்தால் இந்த வித்தியாசம் ஆறு நிமிடமாகச் சுருங்கியிருக்கும். அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடியது.

ஞாயிறும் புதனும் குறிப்பது என்று முடிவு. புதன்கிழமை நான் வேலையில் இருப்பேன், அம்மா குறிப்பார். 12.13-க்குக் கைபேசியில் அலாரம். வட்டத்தின் ஓரங்களில் நான்கு பென்சில் கோடு, 12.15 ஆனதும் நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் நோட்டில் இரண்டு அளவு: அடிப்புள்ளியிலிருந்து வடக்கே எவ்வளவு, கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு. வட்டம் கிழக்கே விழுந்தால் சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டது, மேற்கே விழுந்தால் இன்னும் உச்சிக்கு வரவில்லை.

ஏப்ரல் 18 தனி நாள். திருச்சியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது அந்தத் தேதியை ஒட்டித்தான். வட்டம் அடிப்புள்ளி மேலேயே வந்து உட்கார்ந்தது. மாடிக்கு வந்தவர்கள் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். சுற்றிலும் நிழல் இல்லை. கீழ்வீட்டு ஐயா, “ஒவ்வொரு நாளும் உச்சிக்கு இப்படித்தானே இருக்கும்?” என்று கேட்டார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். வருடத்தில் இரண்டே நாள்தான், இன்னொன்று ஆகஸ்ட் 24, 25 வாக்கில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டி வரும், சென்னையில் 24-ஐ ஒட்டி வரும். டெல்லியில் வரவே வராது, சூரியன் 23.4 டிகிரிக்கு மேல் வடக்கே போவதில்லை. அவருக்கு அன்று நான் பேசியதைவிட டம்ளர்தான் நன்றாகச் சொல்லியது.

மே மாதம் கோடை மழை ஒன்று அடித்துப் பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் சுண்ணாம்போடு பென்சில் புள்ளிகளும் கரைந்து ஓடியிருந்தன. நோட்டில் அளவு இருந்ததால் திரும்பக் குறிக்க முடிந்தது, ஆனால் முதல் மூன்று புள்ளிகளுக்கு வடக்கு அளவை மட்டும் எழுதி, கிழக்கு மேற்கை எழுதாமல் விட்டிருந்தேன். அவை போனது போனதுதான். அதன் பிறகு வெள்ளை சிமென்ட் பெயின்ட் இரண்டு கோட்டு அடித்து, ஒவ்வொரு புள்ளியையும் அன்றன்றே ஆணியும் சுத்தியலும் கொண்டு குழியாகக் கொத்தினேன்.

ஏப்ரலுக்குப் பிறகு வட்டம் அடிப்புள்ளிக்குத் தெற்கே போய்விட்டது. சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது என்று அர்த்தம். ஜூன் 21 அன்று தெற்கே 22.4 செ.மீ., அதுதான் கடைசி எல்லை. அக்கா வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னலில் ஆனி மாதம் வெயில் ஏன் விழுகிறது என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லைக் காட்டினேன்.

ஜூலையில் ஆடிக் காற்று வேலையைக் காட்டியது. திருச்சிக் காற்றுக்கு ஒற்றைக் கால் பைப் தாங்கவில்லை. இரண்டு வாரப் புள்ளிகள் வரிசையை விட்டு விலகி நின்றன. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஓட்டை 4 மி.மீ. கிழக்கே நகர்ந்திருந்தது. ஒரு மீட்டர் உயரத்தில் 4 மி.மீ. என்றால் ஏறத்தாழ 55 விநாடி. அந்த நான்கு புள்ளிகளையும் நீக்கிவிட்டு, வாளியைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, பைப்பின் தலையிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு இரண்டு கம்பி இழுத்துக் கட்டினேன். அன்றிலிருந்து குறிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் தூக்குக் குண்டு பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் வட்டம் தன் பழைய பாதையைக் குறுக்கே வெட்டியது. ஏப்ரல் நடுவில் போன இடம்தான். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் அடிப்புள்ளிக்கு வடக்கே வெறும் 3 செ.மீ. எட்டின் இடுப்பு கிட்டத்தட்ட ஓட்டைக்கு நேர்கீழே விழுவது எங்கள் ஊர் இருக்கும் அட்சரேகையால் கிடைத்த அழகு.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டது. ஐந்து வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறு, நவம்பர் தொடக்கத்தில், 12.10-லிருந்து பத்து நிமிடம் வெயில் வந்தது. ஓடிப்போய்க் குறித்தேன். கிழக்கே 7.7 செ.மீ. எட்டின் கிழக்கு எல்லை அதுதான். சூரியன் அன்று 11.59-க்கே உச்சியைத் தாண்டிப் போய்விட்டது. ஆக, அந்தப் பள்ளிச் செய்முறையை நவம்பரில் கொடுத்திருந்தால் திருச்சியில் ‘12 மணி’ சரியான விடை. பிப்ரவரியில் 12.29. அக்கா மகள் இதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள். அந்தப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்பியிருக்கலாம்தான். பார்க்காததைக் கொத்த மனம் வரவில்லை.

டிசம்பர் 21, வடக்கே 68 செ.மீ., அங்கிருந்து வட்டம் திரும்பியது. அம்மாவுக்கு இது ஒப்பவில்லை.

“தை பிறந்தாத்தானேடா சூரியன் வடக்க திரும்பும்?”

பொங்கலன்று அம்மாவையே குறிக்கச் சொன்னேன். 63 செ.மீ. அதற்குள் 5 செ.மீ. திரும்பி வந்திருந்தது. நம் மாதக் கணக்கு நட்சத்திரங்களை வைத்துப் போட்டது. சூரியன் மகர ராசிக்குள் போகும் நாள்தான் தை முதல் தேதி. சுமார் 1,700 வருடங்களுக்கு முன்னால் அந்த நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு பம்பரத்தைப் போல மெதுவாகச் சுற்றுவதால், ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிவிட்டன. அம்மா கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அந்தக் காலத்துல சரியாத்தான் பார்த்து வச்சிருக்காங்க” என்றார். எனக்கும் அதுதான் பட்டது.

அம்மாவிடம் இன்னொரு சந்தேகமும் இருந்தது. மார்கழியில்தான் பகல் குறைவு, ஆனால் தை மாதம்தான் இன்னும் நேரம் கழித்து விடிகிறது, ஏன்? வாசல் தெளிக்க தினமும் எழுபவர் சொல்வதால் தப்பாக இருக்காது. திருச்சியில் டிசம்பர் 21 அன்று சூரியன் உதிப்பது 6.28 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.39. இதற்கும் கல்லில் பதில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் வட்டம் வாரத்துக்கு ஒன்றரை செ.மீ.க்கு மேல் மேற்கே தாவியது. அதாவது உச்சி நேரமே வாரத்துக்கு மூன்றரை நிமிடம் தள்ளிப்போகிறது. பகல் நீள ஆரம்பித்தாலும், பகல் மொத்தமும் அதைவிட வேகமாகப் பின்னால் நகர்கிறது. காலையில் தாமதம், சாயங்காலத்தில் இரட்டை லாபம்.

ஏன் அந்த மாதங்களில் அப்படித் தாவுகிறது என்று அக்கா மகள் விடவில்லை. இரண்டு காரணம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பது ஒன்று. பூமியின் பாதை கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பது இன்னொன்று. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில், 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, அதனால் வேகமாக ஓடுகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால்தான் எட்டின் வடக்கு வயிறு 14 செ.மீ. அகலம், தெற்குத் தலை 4 செ.மீ. மட்டும். “அப்போ வெயில் காலத்துல பூமி பக்கத்துல வரலையா மாமா?” என்று அவளே கேட்டு, அவளே தேதிகளைப் பார்த்துப் பதிலைச் சொல்லிக்கொண்டாள். ஜூலை முதல் வாரத்தில் நாம் 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம்.

செலவு: கல் 640, அதைக் கொண்டுவர ஆட்டோ 250, பழைய இரும்புக் கடையில் பைப் 180, ரசமட்டம் 220, பெயின்ட் 260. மொத்தம் 1,550 ரூபாய். டின், சிமென்ட், மணல் வீட்டில் இருந்தவை.

திரும்பச் செய்தால் உயரத்தை ஒன்றரை மீட்டராக்குவேன். ஒரு மீட்டரில் ஒரு நிமிடம் என்பது 4.4 மி.மீ., ஒன்றரை மீட்டரில் 6.5 மி.மீ. கையால் குறிப்பவர்களுக்கு இந்த 2 மி.மீ. பெரிய விஷயம். ஓட்டையும் 7 மி.மீ. ஆக வேண்டும், கல் ஐந்தடி வேண்டும். வாளியில் நட்ட பைப் வேண்டவே வேண்டாம். படிக்கட்டு அறைச் சுவரில் இரும்புக் கை அடித்து அதில் தகட்டை மாட்டினால் ஆடிக் காற்று ஒன்றும் செய்யாது. சுவர் ஓட்டைக்குக் கிழக்கிலோ மேற்கிலோ இருக்க வேண்டும், வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் சில மாதம் சுவர் நிழலிலேயே கல் கிடக்கும். ஐப்பசியில் மட்டும் வாரம் இரண்டு நாள் என்று பார்க்காமல், வெயில் வந்த நாளெல்லாம் குறிக்க வேண்டும்.

இப்போதைக்கு இதே கல், இதே உயரம். கிழக்கு ஓரத்து இடைவெளி நிரம்புகிற வரைக்கும் எதையும் அசைக்கப் போவதில்லை. ஐந்து வாரமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தூக்குக் குண்டு பார்க்கிறேன் என்று அக்கா மகள் சொன்னாள். 12.15-க்குப் பள்ளிக்கூடம் விடாது என்று அம்மா நினைவுபடுத்தினார். அந்த நாட்களிலும் அம்மாதான் ஏறிக் குறிக்கப் போகிறார். சனி, ஞாயிறு மட்டும் அவளுக்கு.

ஏப்ரல் 18-க்கு முன்னால் தேய்ந்துபோன பெயின்டை இன்னொரு கோட்டு அடிக்க வேண்டும். குழிகள் அடைபடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் தீக்குச்சி செருகிவிட்டு அடிக்கலாம் என்று இருக்கிறேன். 81 தீக்குச்சி.